இறைச்சிக்கு அனுமதி இருந்தும் விட்டுவிடும் யூதர்கள்

கொடிமுந்திரி | ஞாயிறு, காலை 9.12

வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் "கோஷர் என்றால் சைவம்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கோஷர் என்பது யூத மதத்தின் உணவு விதிகள். "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டு வந்தேன். அது போதாது என்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த இழை.

தாவர நோய் ஆய்வுக்காக நான்கு வருடம் இஸ்ரேலில் ரெஹோவோத் ஊரில் இருந்தேன். மாடியில் வாடகைக்கு இருந்தேன், கீழே வீட்டுக்காரர்கள். அறுபதைத் தாண்டிய தம்பதி. சப்பாத் ஓய்வுநாளைப் பிசகாமல் காப்பவர்கள். அவர்கள் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதுவும் கிடையாது. முதல் வருடம் பஸ்கா பண்டிகையின் இரவு விருந்துக்கு, அவர்கள் அதை செதேர் என்பார்கள், என்னையும் கூப்பிட்டார்கள்.

மதியமே கீழே போய்விட்டேன். அந்த அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் லெட்யூஸ் கீரையைப் போட்டு, தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டு ஊற வைத்திருந்தார். "நீ பயிர்ப் பூச்சி தெரிந்தவன், இது உன் வேலை" என்று என் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு இலையாக எடுத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் அலசி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அசுவினியும் இலைப்பேனும் நடு நரம்பின் அடிமடிப்பில்தான் ஒளிந்திருக்கும். ஒரே ஒரு பூச்சி வாய்க்குள் போனாலும் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) விலக்கிய உயிரை உண்டதாகிவிடும். மூன்று கட்டுக் கீரைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தாவர உணவுக்கு மாறினால் கோஷர் விதிகள் தொல்லை தராது என்று அதுவரை நினைத்திருந்தேன். கறியைவிடக் கீரைக்குத்தான் அதிக வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரவு மேசையில் செதேர் தட்டு வைத்தார்கள். அதில் சுட்ட ஆட்டு எலும்பு ஒன்று இருக்க வேண்டும், எருசலேம் கோவில் இருந்த காலத்தில் பலியிட்ட பஸ்கா ஆட்டின் நினைவாக. இவர்கள் தட்டில் அந்த இடத்தில் ஒரு பீட்ரூட் இருந்தது, தோலோடு சுட்டது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த வீட்டுக்காரர் எழுந்து போய் தல்மூத் என்ற யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பில் இருந்து ஒரு தொகுதியைக் கொண்டுவந்து விரித்தார். பெசாஹிம் பகுதி, 114ஆம் ஏட்டின் பின்பக்கம். செதேர் மேசையில் வைக்கும் இரண்டு சமைத்த பதார்த்தங்கள் எவை என்ற கேள்விக்கு ரவ் ஹூனா என்ற ஞானி சொல்லும் பதில்: பீட்ரூட்டும் அரிசியும். "புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை, இது ஆயிரத்தைந்நூறு வருடத்துப் பழசு" என்றார்.

இவர்கள் மதத்தை விட்டு வெளியே வந்து இறைச்சியை விட்டவர்கள் இல்லை. மதத்துக்கு உள்ளேயே நின்றுகொண்டு, அதன் வாசகங்களை வைத்தே விட்டவர்கள். நம் ஊரில் இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

அடிப்படை வாதம் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் இருந்து தொடங்குகிறது. 1:29இல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட உணவு விதை தரும் பூண்டுகளும் கனிமரங்களும் மட்டுமே. இறைச்சிக்கான அனுமதி வெள்ளத்துக்குப் பிறகுதான் வருகிறது, 9:3இல். அடுத்த வசனத்திலேயே ஒரு தடையும் வருகிறது: இரத்தத்தோடு உண்ணாதே. அப்புறம் ஒவ்வொரு நூலிலும் தடைகள் கூடிக்கொண்டே போகின்றன. இன்ன மிருகம்தான், இன்ன முறையில்தான் அறுக்க வேண்டும், இரத்தத்தை உப்பிட்டு எடுக்க வேண்டும், பாலோடு சேர்க்கக் கூடாது, தாயையும் கன்றையும் ஒரே நாளில் அறுக்கக் கூடாது. இவ்வளவு வேலி போட்ட ஒன்றை ஆசையோடு கொடுத்ததாக எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் வீட்டுக்காரரின் கேள்வி. அவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

---

நாஞ்சில் போதகர் | ஞாயிறு, மதியம் 2.40

நல்ல பதிவு, தம்பி. ஆராதனை முடித்து வந்து இரண்டு முறை படித்தேன். ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும்.

வேலி போட்டதால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டால், பலிகளை என்ன செய்வது? பஸ்கா ஆட்டைக் கர்த்தரே கட்டளையிடுகிறார், யாத்திராகமம் 12. ஆபிரகாம் விருந்தினருக்கு இளங்கன்றைச் சமைத்துக் கொடுக்கிறான். லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரமும் பலிமுறைமைதான். இதை எல்லாம் மனிதனின் பலவீனத்துக்கான சலுகை என்று தள்ளிவிட்டால், வசனத்துக்கு நியாயம் செய்ததாக ஆகாது.

உங்கள் பக்கத்துக்கு உதவும் இடங்களும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். எண்ணாகமம் 11இல் ஜனங்கள் மன்னாவை வெறுத்து இறைச்சி கேட்டு அழுகிறார்கள். காடைகள் வந்து விழுகின்றன. இறைச்சி பல்லுக்கிடையில் இருக்கும்போதே வாதை வருகிறது. அந்த இடத்துக்குப் பெயர் கிப்ரோத் அத்தாவா, இச்சையின் கல்லறைகள். நீதிமொழிகள் 12:10 நீதிமான் தன் மிருகத்தின் உயிரைப் பேணுவதைச் சொல்கிறது. தானியேலும் மூன்று நண்பர்களும் பாபிலோன் ராஜாவின் போஜனத்தை மறுத்து, பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கேட்பதை நம் தமிழ் வேதாகமம் "பருப்பு முதலான மரக்கறி" என்று அழகாகச் சொல்கிறது. பத்து நாள் கழித்து மற்றவர்களைவிட அவர்கள் முகம்தான் களையாக இருந்தது.

ஆனால் தானியேல் மறுத்தது தீட்டுப்படாமல் இருக்க. மிருகத்தின் மேல் இரக்கப்பட்டு மறுத்ததாக வசனத்தில் இல்லை.

---

கொடிமுந்திரி | ஞாயிறு, மாலை 6.05

ஐயா, தானியேல் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே காரணம் தீட்டு. வீட்டுக்காரரும் அதை உடல்நலத்துக்கான உதாரணமாக மட்டும் சொல்வார், அறத்துக்கு எடுக்க மாட்டார்.

பலிகளைப் பற்றி யூதர்களுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு. மைமோனிடெஸ் (1138–1204) ரபி, அதாவது யூத மதகுரு, மட்டுமில்லை, எகிப்தில் அரசவை வைத்தியராகவும் இருந்தவர். சுற்றிலும் எல்லா ஜனங்களும் பலியிட்ட காலத்தில் ஒரேயடியாக நிறுத்தினால் மனிதர் தாங்க மாட்டார்கள், அதனால்தான் பலி முறை அனுமதிக்கப்பட்டது என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த ரபி நக்மனிடெஸ் இதைக் கடுமையாக மறுத்தார். ஆக, சலுகை என்ற வாதம் இன்றைய வீகன்கள் கிளப்பியதில்லை. ஆனால் அதே மைமோனிடெஸ் பண்டிகை மகிழ்ச்சிக்கு இறைச்சியும் திராட்சரசமும் வேண்டும் என்றும் சட்டநூலில் எழுதியிருக்கிறார். இதையும் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை.

மறுபக்கம், பெசாஹிம் 109இல், கோவில் இருந்தபோது இறைச்சி இல்லாமல் மகிழ்ச்சி இல்லை, இப்போது திராட்சரசம் இல்லாமல் மகிழ்ச்சி இல்லை என்று வருகிறது. கோவில் கி.பி. 70இல் இடிந்துபோனது. தாவர உணவுக்காரர்கள் பற்றிக்கொள்வது இந்த இடத்தைத்தான்.

அவர்களுக்கு முதுகெலும்பாக இருக்கிற ஆள் ரபி ஆபிரகாம் ஈசாக் கூக் (1865–1935). பிரிட்டிஷ் ஆட்சிக் காலப் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்களின்) தலைமை ரபி. அவர் லாத்வியாவில் ரபியாக இருந்த நாட்களில், 1904இல் யாஃபாவுக்குக் கப்பலேறும் முன்பே, இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். ஏதேனில் இருந்தது போல ஒரு நாள் மனிதர் மறுபடி தாவரங்களை மட்டும் உண்பார்கள், இடையில் இருப்பது தற்காலிக அனுமதி, சட்டங்கள் எல்லாம் அந்த நாளுக்கு நம்மைப் பழக்கும் பயிற்சி என்றார். லேவியராகமம் 17:13இல் வேட்டை மிருகத்தையோ பறவையையோ அறுத்தால் இரத்தத்தை மண்ணால் மூடச் சொல்கிறதே, அது ஏன் என்று கேட்டு அவர் தரும் விளக்கத்தைக் கேட்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை: செய்த காரியத்துக்கு வெட்கப்படு, அதை மறைத்து வை என்று தோரா சொல்கிறதாம்.

இதில் முக்கியமான ஒன்று, கூக் தன் காலத்தில் எல்லோரும் இறைச்சியை விட வேண்டும் என்று சொல்லவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமை இன்னும் தீரவில்லை, அதற்குள் மிருகத்திடம் மட்டும் கருணை காட்டத் தொடங்கினால் சக மனிதனுக்குச் செய்ய வேண்டியது மறந்துபோகும் என்று பயந்தார். அவருடைய சீடர் ரபி டேவிட் கோஹன் இறைச்சியை முற்றாக விட்டவர். முடி வெட்டாமல், திராட்சரசம் தொடாமல் நசரேய விரதம் இருந்ததால் அவரை 'நசீர்' என்றே அழைத்தார்கள். கூக்கின் இந்த எழுத்துகளைத் தொகுத்தவரும் அவரே. நசீரின் மகன் ஷெயார் யாஷுவ் கோஹன் பிறந்ததில் இருந்தே இறைச்சி தொடாமல் வளர்ந்து, ஹைஃபாவின் தலைமை ரபியாகப் பல பத்தாண்டுகள் இருந்தார். 2016இல் மறைந்தார்.

---

கடலோடி | ஞாயிறு, இரவு 8.31

எல்லாம் சரி அண்ணா. எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே ஒரு நெருடல். எங்கள் வீடு கடற்கரையில். மீன்தான் எங்கள் சோறு. 'சைவம்' என்று சொல்லி வாடகைக்கு வீடு தர மறுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். யூதர்களிடமும் இறைச்சி உண்ணாதவன் மேல், உண்பவன் கீழ் என்று இருக்கிறதா? இருந்தால் எனக்கு அதில் ஒன்றும் கற்றுக்கொள்ள இல்லை.

---

கொடிமுந்திரி | ஞாயிறு, இரவு 9.10

கேட்டதற்கு நன்றி தம்பி. நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. யூத மதத்தில் இறைச்சி உண்ணாததால் யாருக்கும் பிறப்பில் உயர்வு வராது. நீங்கள் பட்டது வேறு, அதன் வேர் சாதி. அதனால்தான் நான் 'சைவம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'தாவர உணவு' என்று எழுதுகிறேன்.

அங்கே நிலைமை தலைகீழ் என்றுகூடச் சொல்லலாம். இறைச்சி வேண்டாம் என்பவனைத்தான் "ஞானிகளைவிட நீ பெரியவனா?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் தன் ஜெபக்கூடத்தில் அதைப் பல வருடம் கேட்டவர்.

---

ஹைஃபா மேரி | திங்கள், காலை 6.20

தம்பி, இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன், ஆறு வருடமாக. வயது 91. ருமேனியாவில் பிறந்தவர். நான் 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம்.

காலையில் எழுந்ததும் சவ்தா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து அடுப்பை அவரே பற்ற வைப்பார். அதற்கு அப்புறம்தான் நான் சமைக்கலாம். யூதர் அல்லாத நான் தனியாகச் சமைத்தால் சில பதார்த்தங்கள் அவருக்கு ஆகாது. அவர் தீயைப் பற்ற வைத்தால் போதும். கை நடுங்கும், லைட்டரை இரண்டு கையாலும் பிடிப்பார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது, என் கை என்ன தீட்டா என்று. இப்போது அந்த ஐந்து நிமிடம்தான் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் நேரம்.

முட்டையை நேராகச் சட்டியில் உடைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இரத்தம் இருந்தால் முட்டை குப்பைக்கு. பால் பாத்திரம் நீலம், கறிப் பாத்திரம் சிவப்பு, இரண்டும் இல்லாதது பச்சை. கறி உண்டால் ஆறு மணி நேரம் பால் கிடையாது.

அவருடைய பேத்தி வீகன். அவள் வெள்ளிக்கிழமை இரவு வரும்போதெல்லாம் கோழி சூப்பைப் பற்றித்தான் பேச்சு. சவ்தா போர்க்காலத்தில் சிறுமி. பசி கிடந்தவர். உருளைக்கிழங்குத் தோலை அவித்துத் தின்றதை எனக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வெள்ளிக்கிழமைக் கோழி என்பது உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளம். பேத்தி "கோழிப் பண்ணையைப் போய்ப் பாருங்கள் சவ்தா" என்பாள். இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

---

செம்பருத்தி | திங்கள், காலை 10.02

மேரி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

நான் சென்னையில் எட்டு வருடமாக வீகன். அந்தப் பேத்தி சொல்லும் பண்ணைதான் விஷயத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. கோஷர் சட்டம் அறுக்கிற நொடியைக் கவனிக்கிறது. கத்தியில் நகத்தை ஓட்டிப் பார்த்து ஒரு பிசிறும் இல்லை என்று உறுதி செய்கிறார்கள், ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனால் அதற்கு முன்பு அந்தக் கோழி ஆறு வாரம் எப்படி இருந்தது? முட்டைக் கோழி இனத்தில் சேவல் குஞ்சு பொரித்த அன்றே கொல்லப்படுகிறதே? கன்றுகளும் ஆடுகளும் ஆஸ்திரேலியாவில் இருந்து இஸ்ரேலுக்கு வாரக்கணக்கில் கப்பலில் உயிரோடு வருகின்றன. கத்தி கூர்மையாக இருந்து என்ன?

---

கொடிமுந்திரி | திங்கள், மதியம் 1.15

செம்பருத்தி, இதற்கு அவர்களிடம் ஒரு பெயரே இருக்கிறது: ட்ஸார் பஅலே ஹயீம். உயிருள்ளவற்றின் நோவு என்று பொருள். தேவையில்லாமல் மிருகத்துக்கு நோவு உண்டாக்கக் கூடாது என்பது சட்டம். சுமையின் கீழ் விழுந்து கிடப்பது உன் எதிரியின் கழுதையானாலும் தூக்கிவிடு என்ற யாத்திராகமம் 23:5இல் இருந்து ஞானிகள் இதைப் பேசுகிறார்கள். போரடிக்கிற மாட்டுக்கு வாய் கட்டக் கூடாது. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக் கூடாது. ஓய்வுநாள் மாட்டுக்கும் உண்டு. வீட்டில் உள்ள மிருகத்துக்குத் தீனி போடாமல் தான் உண்ணக் கூடாது என்று தல்மூதின் பெராஹோத் 40இல் இருக்கிறது. என் வீட்டுக்காரர்கள் தெருப்பூனைகளுக்கு வைத்துவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள்.

மைமோனிடெஸ் இன்னும் ஒரு படி போகிறார். குட்டிக்காகத் தாய் மிருகம் படும் வேதனையும் மனிதத் தாய் படும் வேதனையும் ஒன்றுதான், ஏனென்றால் பிள்ளைப் பாசம் அறிவில் இருந்து வருவதில்லை என்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில்.

தல்மூதில் எனக்கு மறக்காத கதை ஒன்று, பாபா மெட்ஸியா 85. அறுக்கக் கொண்டுபோன கன்று ஓடிவந்து ரபி யூதா ஹநாசியின் அங்கிக்குள் தலையைப் புதைத்து அழுகிறது. அவர், "போ, இதற்காகத்தான் படைக்கப்பட்டாய்" என்கிறார். இரக்கம் காட்டாத அவருக்கு நோவு வருகிறது, 13 வருடம். ஒரு நாள் வீட்டு வேலைக்காரப் பெண் கூட்டும்போது மரநாய்க் குட்டிகள் போல ஏதோ சின்னக் குட்டிகளை வாரி எறியப் போகிறாள். "விட்டுவிடு, அவர் இரக்கம் அவருடைய எல்லாக் கிரியைகளின்மேலும் உள்ளது என்று எழுதியிருக்கிறதே" என்கிறார். சங்கீதம் 145. அன்றோடு நோவு போய்விடுகிறது. யோசித்துப் பாருங்கள், தல்மூதுக்கே அடிப்படையான மிஷ்னாவைத் தொகுத்த மனிதர் அவர். தங்கள் ஆகப் பெரிய ஆசிரியரைப் பற்றி அவருக்குப் பின் வந்த ஞானிகள் இப்படி ஒரு கதையை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாட்டுச் சட்டத்திலும் இதன் தடம் உண்டு. வாத்துக்குக் குழாய் வழியாகத் தீனியைத் திணித்துக் கல்லீரலைப் பெருக்க வைக்கும் தொழில் இஸ்ரேலில் பெரிதாக நடந்தது. 2003இல் உச்ச நீதிமன்றம் அது மிருகவதைச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. தொழில் நின்றது. 2021இல் விலங்கு ரோம ஆடை விற்பனைக்கும் தடை, மதத் தேவை, ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் தலைக்கு அதிகக் கோழி உண்ணும் நாடுகளில் இஸ்ரேலும் ஒன்று. இரண்டும் ஒரே ஊரில்தான்.

---

கடலோடி | திங்கள், மாலை 5.48

அண்ணா, ஒன்று கேட்டே ஆக வேண்டும். காசாவில் மனிதர்கள் பட்டினி கிடக்கும்போது வாத்துக்காகத் தீர்ப்பு எழுதிய நாடு என்று படிக்க எனக்குக் கசக்கிறது. அந்த ராணுவத்தில் வீகன்களுக்குத் தோல் இல்லாத பூட்ஸ் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். அந்த பூட்ஸ் எங்கே போகிறது?

---

கொடிமுந்திரி | திங்கள், மாலை 7.30

கசக்கத்தான் வேண்டும் தம்பி. எனக்கும் கசக்கிறது. நான் மழுப்பப் போவதில்லை.

கூக் பயந்தது இதைத்தானே? மிருகத்திடம் கருணை காட்டி மனிதனை மறப்பது. நூறு வருடத்துக்கு முன்பே அவர் எழுதிவிட்டார். அங்கே உள்ள தாவர உணவுக்காரர்களிலேயே இதைச் சத்தமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆய்வகத்தில் ஒரு பெண், "மிருகத்தின் நோவு தெரிகிறவனுக்கு மனிதன் நோவு தெரியாவிட்டால் அவன் தோராவைப் பாதியில் மூடிவிட்டான்" என்பாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த நாட்டில் வீகனாக இருப்பது சுலபம் என்றால், ஹம்முஸ், ஃபலாஃபல், முஜத்தரா, ஃபூல் என்று காலங்காலமாகப் பாலஸ்தீனரும் லெபனான், சிரியா மக்களும் சமைத்த சமையல்தான் அதற்குப் பாதிக் காரணம்.

---

உணவியல் கலா | செவ்வாய், காலை 7.55

மதுரையில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். அறம், வேதம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. உடம்பு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது மாறக்கூடும்.

நல்ல பக்கம்: பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் உண்பவருக்கு ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. கோஷர் சாசேஜ் என்றாலும் இதில் விலக்கு இல்லை, அறுத்த முறைக்கும் குடலுக்கும் சம்பந்தம் இல்லை.

கவனிக்க வேண்டியது: வைட்டமின் பி12. தாவர உணவில் நம்பும்படியாக எங்கும் கிடையாது. கீரையில் இருக்கிறது, நீராகாரத்தில் இருக்கிறது என்று சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில வருடம் தாங்கும் என்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் கால் மரத்துப்போகும், மறதி, சோர்வு. நரம்பு கெட்டபின் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆக, முழுத் தாவர உணவுக்காரர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும் இரட்டிப்புக் கவனம். பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சை பிழிந்து உண்ணுங்கள், சாப்பாட்டோடு டீ வேண்டாம்.

தேவைப்பட்டால் மாத்திரை எடுக்க யூத மதத்தில் தடை ஏதும் உண்டா?

---

கொடிமுந்திரி | செவ்வாய், காலை 9.20

தடை இல்லை அக்கா, கடமை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "உங்கள் ஆத்துமாக்களைக் குறித்து மிகவும் எச்சரிக்கையாயிருங்கள்" என்ற உபாகமம் 4:15ஐ உடம்பைக் காக்கும் கட்டளையாகப் படிப்பது வழக்கம். மைமோனிடெஸ் தன் சட்டநூலில் ஒரு முழு அதிகாரத்தை உடல்நலத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். பசித்தால்தான் உண், வயிறு நிறைய உண்ணாதே, கால் பங்கு காலியாக விடு. வீட்டுக்கார அம்மா வாரம் ஒரு நாள் பி12 மாத்திரையை ஓய்வுநாள் அப்பத்தோடு சேர்த்து மேசையில் வைப்பார், மறக்காமல் இருக்க.

---

வள்ளி லண்டன் | செவ்வாய், பகல் 11.44

கோல்டர்ஸ் கிரீன் பக்கம் இருக்கிறேன். இங்கே ஃபிஞ்ச்லி சாலையில் யூத சைவ உணவுச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது, 1960களில் இருந்தே இயங்கும் சங்கம். இஸ்ரேலில் கலிலேயா மலையில் அமிரிம் என்ற ஊரே 1958இல் இறைச்சி உண்ணாதவர்கள் சேர்ந்து உண்டாக்கியது என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தோலும் கொம்பும் என்ன ஆகும்? தோரா சுருள் தோலில்தானே எழுதுகிறார்கள்? காலை ஜெபத்தில் நெற்றியிலும் கையிலும் கட்டும் தெஃபிலின் முழுக்கத் தோல். ஆட்டுக் கொம்பு ஊதாமல் புத்தாண்டு இல்லை. முழு வீகன் யூதர் ஒருவர் இதில் என்ன செய்வார்?

---

கொடிமுந்திரி | செவ்வாய், மாலை 6.50

அக்கா, நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். தெஃபிலினுக்குத் தோல்தான் வேண்டும், செயற்கைத் தோல் செல்லாது. ஆனால் அறுத்த மிருகத்தின் தோலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோஷர் இனமாக இருந்தால் தானாகச் செத்த மிருகத்தின் தோலும் ஆகும் என்று தல்மூதில், ஷப்பாத் 108இல், இருக்கிறது. சிலர் அப்படித் தேடி வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் தன் அப்பாவின் பழைய தெஃபிலினையே கட்டுகிறார். புதிதாக ஒன்றும் அவருக்காகச் சாக வேண்டாம் என்று.

புதுத்துணி உடுத்தியவரை "இது நைந்து புதுசு வாங்குவாயாக" என்று வாழ்த்துவது அங்கே வழக்கம். தோல் செருப்புக்கும் தோல் ஆடைக்கும் மட்டும் அப்படி வாழ்த்தக் கூடாது என்ற வழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டுப் போலந்து ரபி ரெமா எழுதி வைத்திருக்கிறார், அடுத்ததற்கு இன்னொரு உயிர் சாக வேண்டுமே என்பதால்.

பாவநிவாரண நாளுக்கு முன் கோழியைத் தலையைச் சுற்றி அறுக்கும் கப்பாரோத் சடங்கு உண்டு. சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அருஹை எழுதிய யோசேஃப் காரோவே அதைத் தடுக்க வேண்டும் என்றார். ரெமா அதை ஆதரித்தார். இன்றைக்குப் பலர் கோழிக்குப் பதில் பணத்தைச் சுற்றி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

தேனும் அப்படித்தான். புத்தாண்டில் ஆப்பிளைத் தேனில் தொட்டு உண்பார்கள். இவர்கள் வீட்டில் சிலான், அதாவது பேரீச்சம் பாகு. உபாகமம் 8:8இல் தேசத்தின் ஏழு விளைச்சல்களில் தேன் என்று வருவதே பேரீச்சந்தேன்தான் என்பது அவர்கள் மரபு, அதனால் ஒரு குறையும் இல்லை.

உண்மையில் கஷ்டப்படுத்துவது பஸ்காவின் எட்டு நாள்தான் (இஸ்ரேலுக்குள் ஏழு). புளித்த தானியம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அஷ்கெனாசிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் இருந்து அரிசி, பருப்பு, பயறு, எள் எல்லாவற்றையும் சேர்த்து விலக்கிவிட்டார்கள். கித்னியோத் என்பார்கள். ஸ்பெயின் வழி வந்த செஃபார்தி யூதர்களுக்கு இந்தத் தடை இல்லை. இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை என்றால் ஒரு வாரம் என்ன உண்பது? உருளைக்கிழங்கு, கீரை, வாதுமை, அவகாடோ. கீன்வாவைப் பல ரபிகள் அனுமதித்தது இவர்களுக்கு வரம். அமெரிக்க யூதர்களின் கன்சர்வேட்டிவ் பிரிவு 2015 கடைசியில் கித்னியோத் தடையையே நீக்கிவிட்டது. வீட்டுக்காரர் அஷ்கெனாசி, தடையை மீற மாட்டார். ரவ் ஹூனாவின் அதே வரியில் பீட்ரூட்டுக்குப் பக்கத்தில் அரிசியும் இருக்கிறதே என்று நான் கேட்டேன். "பீட்ரூட்டை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது, அரிசியை எடுக்க என் தாத்தாக்களிடம் அனுமதி இல்லை" என்றார்.

---

நாஞ்சில் போதகர் | புதன், காலை 8.15

அந்தக் கடைசி வரி எனக்கு நிறையப் புரிய வைத்தது, தம்பி. அவர் சுலபமான பக்கத்தைத் தேடவில்லை. நான் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். பலி பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ஏசாயா 11இல் சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும் என்ற வசனத்தை இந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுக்கப்போகிறேன்.

ஒரு கூடுதல் தகவல். கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் எலியா தீர்க்கதரிசியின் பேரில் மலிதா என்று ஒன்று படைப்பார்கள். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள். முழுக்கத் தாவரம். அவர்கள் சமையலிலும் கொச்சி யூதர் சமையலிலும் தேங்காய்ப்பால் அவ்வளவு புழங்குவதற்குக் காரணம், கறியோடு மாட்டுப்பால் சேர்க்க முடியாது என்பதுதான்.

---

ஹைஃபா மேரி | புதன், இரவு 9.40

கலா அக்கா, ஒரு உதவி. பேத்தி இந்த வெள்ளிக்கிழமை வருகிறாள். சோலந்த் என்ற ஓய்வுநாள் கூட்டு வைக்கலாம் என்று சவ்தாவே சொன்னார், கறி இல்லாமல். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பதால் வெள்ளி சாயங்காலமே எல்லாம் போட்டு மின்தட்டில் வைத்துவிட வேண்டும், மறுநாள் மதியம் வரை அப்படியே இருக்கும். பார்லி, உருளைக்கிழங்கு, வெங்காயம், வெள்ளை பீன்ஸ், சிவப்பு ராஜ்மா. கறி இல்லாததால் ராஜ்மாவைக் கூட்டலாமா?

---

உணவியல் கலா | புதன், இரவு 10.05

மேரி, நல்ல வேளை கேட்டீர்கள். ராஜ்மாவை ஊறவைத்ததும் அப்படியே மின்தட்டில் வைத்துவிடாதீர்கள். அதில் ஒரு நச்சு இருக்கிறது, மெல்லிய சூட்டில் அது அழியாது, கூடவும் செய்யும். வாந்தி, பேதி ஆகிவிடும், 91 வயதுக்கு ஆபத்து. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வையுங்கள். வெள்ளை பீன்ஸுக்கும் அதையே செய்யுங்கள். அப்புறம்தான் மற்றதோடு சேர்க்க வேண்டும். வெங்காயத்தை நன்றாகக் கறுக்க வதக்கினால் கறி இல்லாத குறை தெரியாது. காய்ந்த காளான் இருந்தால் நாலு போடுங்கள்.

---

ஹைஃபா மேரி | சனி, இரவு 8.50

ஓய்வுநாள் முடிந்ததும் எழுதுகிறேன். இங்கே ஹைஃபாவில் சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள், அதற்குள் எல்லாம் முடித்தேன். பீன்ஸ் கொதிக்கும்போது சவ்தா நாற்காலியைப் போட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பார்லி ஒரு டம்ளர், பீன்ஸ் இரண்டும் சேர்த்து ஒன்றரை டம்ளர், உருளைக்கிழங்கு ஆறு, வெங்காயம் நாலு. தண்ணீர் மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல்.

இரவு கோழி சூப்பும் இருந்தது, சின்னப் பாத்திரத்தில், சவ்தாவுக்கு மட்டும். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. இன்று மதியம் இரண்டு பேரும் சோலந்த் உண்டார்கள். சவ்தா உப்பு குறைவு என்றார், பார்லி அடி பிடித்திருந்தது. அடுத்த வாரத்துக்குத் தண்ணீர் மூன்று விரல் வைக்கப்போகிறேன்.